மூலங்காணியும் ஒரு காதுக் கடியும்

செம்பியன் இனியனின் காதைக் கடித்த மறுநொடியே, கூரையில் தொங்கிய மூலங்காணிக் கருவி விழித்துக்கொண்டது.

கோவில்பட்டி மழலையர் கூடத்தில் அது நாளொன்றுக்கு நாற்பது முறை விழிக்கும். யார் யாரைக் கிள்ளினாலும், யார் யாருடைய பென்சிலைத் தின்றாலும், சுவர்களில் படிந்து கிடக்கும் பழைய ஒலி, ஒளிச் சுவடுகளைத் துருவி, 'எல்லாம் யாரால் வந்தது' என்று கண்டுபிடித்து, அந்த ஆளின் நெற்றியில் சிவப்பு முத்திரை குத்தும். 2081இன் சட்டம் அப்படி. மூன்று முத்திரை வாங்கிய ஆசிரியர் கூடத்தைவிட்டே போய்விட வேண்டும். தலைமையாசிரியை எஸ்தர் கனகமணிக்கு இரண்டு விழுந்தாயிற்று. இருபத்திரண்டு வருஷமாக அவர் துடைத்துவிட்ட மூக்குகளை வரிசையாக நிறுத்தினால் மதுரை வரை போகும். இந்தக் கூடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

போதாத காலம், சட்டத்தை எழுதிய அலுவலர் திருமேனிநாதனே அன்று சோதனைக்கு வந்து எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மூலங்காணி ஆரம்பித்தது. செம்பியன் கடித்தது, அவனுடைய களிமண் சிங்கத்தின்மேல் இனியன் உட்கார்ந்ததால். இனியன் அங்கே உட்கார்ந்தது, ஆயா பேச்சியம்மாள் அவன் நாற்காலியை நகர்த்தியதால். அவர் நகர்த்தியது, தரையில் பால் கொட்டிக் கிடந்ததால். கொட்டியவர் கனகமணி.

"மூணாவது," என்று அலுவலர் கையைத் தேய்த்துக்கொண்டார். "பெட்டியைக் கட்டுங்க டீச்சர்."

"அது இன்னும் முடிக்கல. கையைக் கட்டிட்டு உக்காருங்க சார்," என்றார் பேச்சியம்மாள். பழக்கதோஷம். அலுவலரும் கையைக் கட்டிக்கொண்டார்.

பால் கொட்டியது, வாசலில் அலுவலரின் வண்டி திடீரென்று அலறியதால் என்றது மூலங்காணி. அலுவலர் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பாதியில் நிறுத்தக் கூடாதென்று விதி எழுதியவர் அவரேதான். அது மேலே போயிற்று. அவர் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வருவது, ஆசிரியர்களை நம்பாததால். நம்பாதது ஏனென்றால், நாற்பத்து நான்கு வருஷத்துக்கு முன் இதே கூடத்தில் வேலாயுதம் என்ற பையன் அவரைக் கிள்ளியபோது, அன்றைய ஆசிரியை யார் ஆரம்பித்தது என்று விசாரிக்கவே இல்லை. இருவரையும் இரண்டு விரல் நீட்டிப் பழம் விடச் சொல்லிவிட்டார். அந்த ஆத்திரம் வளர்ந்துதான் சட்டமாயிற்று.

"அன்று முதலில் கிள்ளியவர், திருமேனிநாதன்," என்றது மூலங்காணி.

மூலங்காணியின் முத்திரைக் கை அவர் நெற்றியை நோக்கி இறங்கியது. அலுவலரின் உதடு பிதுங்கியது.

"இல்ல மிஸ்," என்றார் கனகமணியைப் பார்த்து. "அவன்தான் மொதல்ல என் பலூனை உடைச்சான்."

கை அந்தரத்தில் நின்றது. புதுக் காரணம் வந்துவிட்டதல்லவா? மூலங்காணி மறுபடி துருவத் தொடங்கியது. இதற்குள் செம்பியனும் இனியனும் ஒன்றாக இன்னொரு சிங்கம் பிடித்து, ஒன்றாகவே அதன்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் மூலங்காணியிடம் சொல்லவில்லை.

ஏழு மாதமாகிறது. வழக்கு முடியும்வரை யாருக்கும் முத்திரை கிடையாது. சம்பந்தப்பட்டவர் கூடத்தைவிட்டு நகரவும் கூடாது. இரண்டும் அவர் எழுதிய விதிகள்தான். அலுவலர் குட்டி நாற்காலியில், முழங்கால் காதைத் தொட, உட்கார்ந்திருக்கிறார். பதினோரு மணிக்குச் சுண்டல், இரண்டு மணிக்குத் தூக்கம். அவருக்கு இப்போது வட்டம் போட நன்றாகவே வருகிறது.

சில நாள் மூலங்காணியின் முனகல் குறையும், விடை நெருங்கிவிட்டதுபோல. உடனே கனகமணி அவர் பக்கத்தில் குந்தி, வாயில் ஒட்டிய சுண்டலைத் துடைத்துவிட்டு, அன்பாகக் கேட்பார்:

"சார், உங்களுக்கு அந்தப் பலூனை வித்தவர் அன்னைக்கு ஏன் இந்தத் தெருவுக்கு வந்தார்?"