இரண்டு வீட்டுக்கு ஒரே லைன்

போன் 'டிங்' என்றது, ஒரே ஒரு முறை. மணி அடிக்கவில்லை.

மழைச் சத்தமாக இருக்கும் என்று ஜாஸ்லின் அரிசியைக் களைந்து முடித்தாள். பிறகு சந்தேகம் வந்து ரிசீவரை எடுத்தாள். வழக்கமான ரீங்காரம் இல்லை. யாரோ வாய் வழியாக மூச்சு வாங்கும் ஓசை, தட்டு உருளும் ஓசை, பின் சுவரில் எதுவோ பலமாக மோதும் ஓசை. அதே மோதல் அவள் தலைக்கு மேலேயும் அதிர்ந்தது.

அந்தப் பழைய கட்டிடத்தில் மூன்றாம், நான்காம் மாடிகளுக்கு ஒரே லைன். தனி லைனைவிடச் செலவு பாதி. ஆனால் மேல்வீட்டு மஞ்சுளா அதைக் கேட்டு வாங்கியது வேறு காரணத்துக்காக.

"அவரு அடிச்சா நான் போனை எடுத்துக் கீழ போட்டுருவேன். உங்கிட்ட டிங்குனு கேக்கும். எங்கண்ணனக் கூப்பிட்டுரு, ஜாஸ்லின்."

அடுத்த தெருவிலிருந்த அந்த அண்ணன் சுரேந்திரனுக்கு மட்டும்தான் மஞ்சுளாவின் புருஷன் தேவராஜ் பயப்படுவான்.

ஜாஸ்லின் எண்களை அழுத்தினாள். மீண்டும் அழுத்தினாள். இத்தனை நேரம் மேல்வீட்டு ரிசீவர் தரையில் கிடந்ததில் லைன் அடைத்துப் போயிருந்தது. மேலே அதை எடுத்து வைத்தால்தான் இனி யாரையும் அழைக்க முடியும். திட்டம் போட்டபோது இருவருமே அதை யோசிக்கவில்லை. மதியத்திலிருந்து மின்சாரம் இல்லை, கைபேசியில் சிக்னலும் இல்லை.

ஓடிப்போய்ச் சொல்லலாம். தாழ்ப்பாள்வரை பார்வை போயிற்று. கால் போகவில்லை.

காதில், ஈரக் கட்டையை வெட்டும் சத்தம்.

"அக்கா! போனை வைங்க! உங்க அண்ணனக் கூப்பிடணும்!"

வெட்டு நின்றது. ரிசீவரை யாரோ தூக்கினார்கள்.

"தங்கச்சியா?" தேவராஜின் குரல், மூச்சிரைத்தபடி. "ஒட்டுக் கேக்குறியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாசப்பக்கமா ஊர்ந்து போயிட்டா. உங்கிட்டதான் வர்றா. கதவத் தொறந்து வாங்கிக்கோ."

கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டல். முழங்கால் உயரத்தில். மறுபடி. மெதுவாக.

அவன் இன்னும் மேலேதான். லைனில் அவன் மூச்சு. இப்போதே திறந்தால் அக்காவை உள்ளே இழுத்துவிடலாம்.

ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடித் திறந்தாள்.

வாசலில் மஞ்சுளா குப்புறக் கிடந்தாள். தாடை ஒருபக்கமாகத் தொங்கியது. படிதோறும் ரத்தம். மிஞ்சியிருந்த ஒற்றைக் கை நீண்டு ஜாஸ்லினின் கணுக்காலைப் பிடித்தது.

மேலே செருப்புச் சத்தம். ஒரு படி. இன்னொரு படி.

இழுத்தாள். உடல் நகரவில்லை. கதவை மூடப் பார்த்தாள். காலை உதறினாள். மிதித்தாள்.

கை விடவில்லை.

திருப்பத்தில் முதலில் வெட்டுக்கத்தி தெரிந்தது.