பல்சக்கரம் இல்லாமல்

கொட்டகையில் நின்ற பனி வாரும் மிஷினின் மூடியில் கை பட்டபோது அது கதகதப்பாக இருந்தது. ஐலா கொஸ்கெலா கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். ஒரு வாரமாகப் பனி விழவில்லை, அவளும் அதை வெளியே எடுக்கவில்லை. ஆனால் மிஷினின் முன்வாயில் பனியை அள்ளும் திருகுத் தகட்டில் இப்போதுதான் வாரியதுபோல் பனி அப்பிக்கிடந்து சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருந்தது, பெட்ரோல் வாடை மரச்சுவர்களுக்குள் இன்னும் சூடாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ஆர்வோவைக் கூப்பிட்டாள். அவன் மிஷினைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னக்கா, பல்சக்கரத்துல பல்லே இல்ல! ரெண்டு வருஷம் ஓட்டுறத ஒரே வாரத்துல ஓட்டிருக்க. ஊர்ப் பனியெல்லாம் நீயே வாருறியா?"

"நான் தொடவே இல்லப்பா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அப்போ இத ரிப்பேர் பண்ணாத. புதுசு வாங்கு. இது வீட்ல இருக்க வேணாம்."

"பதினோரு வருஷமா பிரிச்சு மாட்டினவ நான். எவனோ திருட்டுத்தனமா ஓட்டுறான்னு என் மிஷின நான் ஏன் தூக்கிப் போடணும்? சக்கரத்த மட்டும் வரவழை. நானே மாட்டிக்கிறேன்."

"உன் பிடிவாதத்த அடிச்சுக்க ஆளே இல்லக்கா." அவள் கொடுத்த காப்பியை முழுசாகக் குடிக்காமலே போய்விட்டான்.

அது இல்லாமல் திருகு சுழலாது என்பதால் அவள் தேய்ந்த பல்சக்கரத்தையும் மிஷின் சாவியையும் எடுத்துவந்து சமையலறை மேசையில், ஏலக்காய் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கொட்டகையைப் பூட்டினாள்.

"இப்ப ஓட்டுடா பாப்போம்."

மறுநாள் மதியம் பனிப்புயல் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே வானமும் தரையும் ஒன்றாகி வெள்ளையாக இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், முதலில் சாலையில் பனி தள்ளும் வண்டி என்று அவள் நினைத்த ஓர் உறுமல், விட்டு விட்டு, பிறகு விடாமல், பனியைக் கடித்துத் துப்பும் சத்தத்தோடு கேட்டது. அவளுக்கு அந்தத் தொண்டை தெரியும்.

மேசையைப் பார்த்தாள். சக்கரம் இருந்தது. சாவியும் இருந்தது.

புயல் ஓய்ந்ததும் இரும்பு மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. பூட்டு உடையவில்லை. மிஷின் இல்லை. அங்கிருந்து அதன் அகலத்துக்கு ஒரு பாதை, இருபுறமும் தோளளவு பனிச்சுவரோடு, வீட்டுச் சரிவுக்குக் கீழே இருந்த ஏரியை நோக்கி நேராக இறங்கியது. பாதையில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

திரும்பிப் போய் ஆர்வோவுக்குப் போன் பண்ணலாம். பண்ணினால் அவன் சொன்னதே சரியென்று ஆகிவிடும்.

"யாருடா அது? என் மிஷின வெச்சுட்டுப் போ!"

கத்திக்கொண்டே இறங்கினாள்.

உறைந்த ஏரியின் மேல் அது தானாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஆளில்லை. கை விட்டால் நின்றுவிடும் மிஷின் அது. கைப்பிடியின் இரண்டு நெம்புகோல்களும் அழுந்தியே இருந்தன. ஏரியின் நடுவரைக்கும் ஒரு வீட்டின் அகலத்துக்குப் பனியை வாரித் தள்ளியிருந்தது. கீழே கறுத்த பனிக்கட்டி.

நெம்புகோலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அது எதிர்த்து அழுத்தியது.

மண்வாரியை ஓங்கி அடித்தாள். பிளக் ஒயர் அறுந்தது.

நிசப்தம்.

"இது என்னோடது," என்றாள். குரல் உடையவில்லை. "வேற எவனுக்கும் இது வேலை செய்யாது."

சர்ர்.

காலுக்கடியில்.

சர்ர். சர்ர்.

குனிந்தாள். பனிக்கட்டியின் மேற்புறம் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. அடிப்புறம் பால்போல் மங்கியிருந்தது. அந்த மங்கலை, அவள் பூட்சுக்கு நேர் கீழே, நீருக்குள்ளிருந்து ஓர் உள்ளங்கை பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தது.

அவள் நகரவில்லை. மண்வாரியையும் விடவில்லை.

பக்கத்தில் இன்னொரு கை. அதற்கப்பால் இன்னொன்று. ஏரியின் நடுவரைக்கும்.