வீட்டுப் பாதை

புதிதாக வந்த லினக்ஸ் கணினியில் அன்புசெல்வன் என்ற பெயரில் கணக்கே கிடையாது. அந்தக் கணினியைக் காலையில் நிறுவியவளே குணசுந்தரிதான். ஆனாலும், டேட்டாபேஸின் 'ஹோம்', அதாவது அது குடியிருக்கும் வீடு போன்ற ஃபோல்டர், எங்கே இருக்கிறது என்று கேட்டதும், அது அன்புசெல்வன் பெயர் போட்ட ஃபோல்டரைக் காட்டியது.

பழைய விண்டோஸ் கணினியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தாள். அங்கே செட்டிங்ஸில் ஒரு கட்டத்துக்குள் அந்த ஃபோல்டருக்குப் போகும் பாதையை எழுதினால் போதும். இங்கே, கணினிக்குள் நுழையும்போதெல்லாம் படிக்கப்படும் கோப்பில் ஒரு வரியாக எழுத வேண்டும். அன்புசெல்வன் பெயர் இருந்த அந்த வரியை அழித்தாள். திரையில் புது ஜன்னல் திறந்து மறுபடி கேட்டாள்.

அதே பெயர்.

ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் உலை அணைந்து கிடந்தது. ஜன்னலில்லாத கணினி அறையில், ஏசி இரைச்சலுக்கு அடியில், கனத்த எதையோ தரையில் இழுத்து இழுத்து நடப்பதுபோல் ஓர் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. அதோடு, துணியும் தோலும் ஒன்றாகக் கருகிய வாடை மூக்கின் அடியிலேயே வந்து நின்றது.

அன்புசெல்வன் அவளுக்கு முன் இந்த வேலையில் இருந்தவன். பழவேற்காட்டுப் பையன். உலைப் பக்கத்துக் கணினியைச் சரிபார்க்கப் போனவன் தலைமேல் இரும்புக் குழம்பு கொட்டியது. அன்று அவன் வேலைக்கே வரவில்லை என்று கம்பெனி சாதித்துவிட்டது. அவன் மனைவி ரோஜா கேட் வாசலில் நின்று கத்தி, தொண்டை கட்டிப் போய்த் திரும்பினாள்.

குணசுந்தரி மேனேஜர் சபரிநாதனைப் போனில் அழைத்தாள்.

"சார், அவரு பேரு அழிக்க அழிக்க வருது."

"இன்னாம்மா பேஜாரு இது? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். அந்த ஆளு பேரு ஒரு எடத்துலயும் இருக்கக் கூடாது. உம் பேரப் போட்டு முடி."

"அந்தப் பொண்ணு ரோஜாவ நெனச்சா..."

"உனக்கு வேல வேணுமா, வேணாவா?"

வேண்டும். எழுதினாள். இரண்டு கணினியிலும் அன்புசெல்வன் இருந்த இடமெல்லாம் குணசுந்தரி. ஹோம்: குணசுந்தரி.

இந்த முறை மாறவில்லை. ஓசை நின்றது. வாடை விலகியது. கதவுக்கு வெளியே, கனத்த அந்த நடை அவசரமில்லாமல் கேட் பக்கம் போய்த் தேய்ந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அப்படி இருந்ததே கசந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. திருநின்றவூர் வீட்டிலிருந்து மகள் பூமிகா. வீடியோ.

"அம்மா, உன் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு வந்துகீறாரு. இதான் அவரு ஊடுன்னு சொல்றாரு."

"கதவத் தொறக்காத!"

"தொறக்கவே இல்லம்மா. உள்ள குந்திக்கினு கீறாரு."

குழந்தை கைப்பேசியைத் திருப்பினாள்.

சோபா. அதில் ஓர் உருவம். தலையிலிருந்து கழுத்துவரை இறுகிய இரும்பு. கண் இல்லை. வாய் இல்லை. உட்கார்ந்த இடத்தில் சோபா உறை புகைந்தது.

கை மட்டும் மனிதக் கை. அது பக்கத்து இடத்தை மெல்லத் தட்டியது.

வா.

"பூமி! போவாத!"

படம் ஆடியது. ஆடி ஆடி, அதை நோக்கி நகர்ந்தது.