முடிச்சுக்குள் இருந்தது

திரையில் வந்து நின்ற மரபணுக் கோடுகளில் பாதி அவளுடையவை.

இருபத்துமூன்று வருடத்துக்கு முந்தைய கொலை. வாய்க்கால் ஓரம் கிடந்த, பெயர் தெரியாத ஒரு பெண். கழுத்தை இறுக்கியிருந்த நைலான் கயிற்றை அன்றே முடிச்சுக்குத் தள்ளி வெட்டி, முடிச்சை அப்படியே பத்திரப்படுத்தியிருந்தார்கள். கட்டியவனின் தோல் துகள் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். இரண்டு சுற்று, நடுவில் ஒரு வளையம். காலையில் படமெடுத்துவிட்டு, அவள்தான் அதைத் தளர்த்தி உள்மடிப்பைப் பஞ்சால் ஒற்றினாள்.

"என்னம்மா, மாஸ்க்கைக் கழட்டிட்டுத் தும்மினியா?" மேலதிகாரி சிரித்தார். ஊழியர் யாராவது மாதிரியில் கலந்துவிட்டால் காட்டிக்கொடுக்க, எல்லோருடைய எச்சிலும் ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. "இன்னொரு தடவை ஓட்டிட்டுக் கிளம்பு."

அவரும் போய்விட்டார். குளிர்பெட்டியின் உறுமலும், பழைய அட்டைகளின் ஈர வாடையும், ஜன்னலில் மெல்ல மங்கும் சாயங்கால வெளிச்சமுமாக அறை அவளைச் சுற்றிச் சுருங்கிக்கொண்டே வர, மறுபடி ஓட்டினாள்.

மறுபடி பாதி. தும்மலென்றால் முழுசாகப் பொருந்தும். எல்லா இடத்திலும் சரிபாதி என்றால், பெற்றவன்.

இறந்தவளின் ரத்தக்கறைக் கோடுகளைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

அவளுடைய மீதிப் பாதி.

'உங்கம்மா இன்னொருத்தனோட போயிட்டா, பாப்பா.' ஆறு வயதில் அப்பா சொன்னதை நம்பி, அம்மாவின் படத்தை அவளே கிழித்துப் போட்டாள். அம்மா எங்கேயும் போகவில்லை. இதே அறையில், மூன்றாம் தட்டில், அட்டைப்பெட்டிக்குள். நாலு வருடமாக அவள் கைப்பையை மாட்டியது அந்தத் தட்டின் ஆணியில்தான்.

தினமும் கூட்டிப்போக வரும் அப்பா, வண்டியைக் கிளப்புமுன் கேட்பார்: 'இன்னைக்கு எந்தப் பெட்டியைப் பிரிச்சீங்க?' மகள் வேலைமேல் என்ன அக்கறை என்று பூரித்திருக்கிறாள். நேற்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? 'நாளைக்கு அந்த வாய்க்கால் கேஸுப்பா.'

படியில் செருப்புச் சத்தம். இடது கால் மட்டும் இழுபடும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்.

"வாட்ச்மேன் மேல போகச் சொன்னான், பாப்பா. எல்லாரும் போயிட்டாங்களாமே?"

திரையை அணைக்கக் கை நீண்டது. எட்டவில்லை. அவர் கோடுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

"இன்னும் அங்கியைக் கழட்டலையா? கழுத்து நாடா அவுந்து தொங்குது பாரு. திரும்பு. சின்னதுல கவுனுக்குக் கட்டி விடுவேனே."

திரும்பினாள். ஏன் திரும்பினாள்? பழக்கம்.

பிடரியில் அவர் விரல்கள். சூடு. சோப்பு வாசனை.

ஒரு சுற்று.

இன்னொரு சுற்று.

நடுவில் ஒரு வளையம்.

மேசைமேல், காலையில் எடுத்த முடிச்சின் படம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இறுக்கமா இருக்கா, பாப்பா?"

நாடா இன்னும் இழுபட்டுக்கொண்டே இருந்தது.