எங்கடை வீட்டையும் வாங்கோ

கட்டில் விரிப்பில் ஒரு பள்ளம் இருந்தது. யாரோ ஓரமாக உட்கார்ந்துவிட்டு எழும்பிப் போனால் விழுகிற பள்ளம். ரேச்சல் கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தாள். பள்ளம் அங்கேயேதான் இருந்தது.

அது அவளுடைய கட்டில். கரவெட்டி வீட்டில் அவளும் நாலு வயது மகள் அபிகாயிலும் படுக்கிற கட்டில். ஆனால் இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது விளையாட்டுக்குள் இருந்த கட்டிலை. படம் எடுத்த அன்று விரிப்பை நாலு மூலையும் இழுத்துச் செருகி, கையால் தடவித் தடவி மட்டமாக்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஊர் முழுக்கப் பார்க்கப்போகிற கட்டில் ஆயிற்றே என்று அன்று தனக்குள் சிரித்துக்கொண்டதும் நினைவிருந்தது.

நெல்லியடிச் சந்தியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய கம்பனி. கம்பனி என்றால் நாலு பேர், இரண்டு நல்ல கணினி, ஒழுகுகிற இடத்துக்குக் கீழே ஒரு வாளி, மேசை நிறைய, விளையாட்டைப் போட்டுப் பார்க்கிற பழைய கைபேசிகள். கைபேசியில் விளையாடுகிற ஒளிச்சுப்பிடிச்சு விளையாட்டு ஒன்றை ஆறு மாதமாகச் செய்துகொண்டிருந்தார்கள். பழைய வீடொன்றில் ஒளிந்திருப்பவரை ஒரு பொம்பிளை அறை அறையாகத் தேடி வருவாள். அதில் வீடு கட்டுவது ரேச்சலின் வேலை. உண்மையான வீடொன்றுக்குள் நடந்து நடந்து, மூலைமுடுக்கெல்லாம் நூற்றுக்கணக்கில் படம் பிடித்துக்கொண்டு வந்தால், கணினி அவற்றை ஒட்டி, உள்ளே போய் உலாவக்கூடிய வீடாக ஆக்கித் தந்துவிடும். வல்வெட்டித்துறையில் பழைய கப்பல்காரர் வீடொன்று பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் கனடாவில் இருந்து சம்மதம் சொல்ல, பக்கத்து வீட்டுப் பத்மாவதி அன்ரி திறப்பைத் தந்தார். ஓர் அறைக்கு மட்டும் திறப்பு இல்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்று தொங்கியது.

அந்த ஓர் அறையால் விளையாட்டு வீட்டின் நடுவில் பெரிய ஓட்டை. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அதனால் ரேச்சல் தன் படுக்கையறையைப் படம் பிடித்து, அந்த ஓட்டைக்குள் பொருத்தி, கதவையும் திறந்து வைத்தாள். இப்போதைக்குத்தான். இந்தத் தொழிலில் எல்லாமே இப்போதைக்குத்தான்.

வெளியே கார்த்திகை மழை பிடித்திருந்தது. மூன்று மணிதான், ஆனாலும் விளக்குப் போட்டால்தான் எழுத்துத் தெரியும். மற்ற இருவரும் யாழ்ப்பாணம் போய்விட்டதால் அவளும் செந்தூரனும் மட்டும்தான். விளையாட்டை இயங்கச் செய்கிற கணக்கெல்லாம் அவன் வேலை.

"செந்தூரன், தேடுற பொம்பிளையைப் போட்டிட்டியோ?"

"இல்லையக்கா. அவவுக்கு இன்னும் முகமே கீறேல்லை. நாளைக்குத்தான் போடுவன்."

"அப்ப என்ரை அறைக்குள்ளை என்னெண்டு கட்டில் அமுங்கும்?"

அவன் எட்டிப் பார்த்தான். படத்தை ஒட்டினதில் பிழையாயிருக்கும் என்றான். பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தான். "அதை விடுங்கோ. அந்தக் கூட்டுற சத்தம் வலு விசேஷம். வல்வெட்டித்துறை வீட்டிலை நீங்கள் எடுத்த வீடியோவிலை இருந்துதான் எடுத்தனான். பின்னாலை போட்டிருக்கிறன், கேட்டனீங்களோ?"

ரேச்சல் ஒலியைக் கூட்டினாள். சர்ர். சர்ர். தும்புத்தடி சீமெந்துத் தரையில் இழுபடும் சத்தம், அவசரமில்லாமல், ஒரே சீராக. கப்பல்காரர் வீட்டைப் படம் எடுத்த அன்று அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் கேட்ட சத்தம்தான். பத்மாவதி அன்ரி பின்வாசலால் வந்து கூட்டுகிறார் என்று நினைத்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவள் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். மழையைப் பற்றி, பிள்ளையைப் பற்றி, டோகாவில் வேலை செய்கிற கணவன் பிறேமைப் பற்றி. உள்ளேயிருந்து ம், ம் என்று பதில் வந்தது.

"உங்கடை கதையும் வந்தது. அதை வெட்டிப்போட்டன்."

"வெட்டாததைப் போடு."

அவன் போட்டான். அவளுடைய குரல், கொஞ்சம் தள்ளி, விடைபெறுகிற பணிவோடு: *அன்ரி, அப்ப நான் போட்டு வாறன். ஒருநாளைக்கு எங்கடை வீட்டையும் வாங்கோ.*

கூட்டும் சத்தம் நின்றது.

*ஓம். வாறன்.*

அந்தக் குரல் கதவுக்குப் பின்னால் இருந்து வரவில்லை. அன்று படம் எடுத்த கைபேசிக்குக் கிட்ட, அதைப் பிடித்திருந்த கைக்குப் பக்கத்தில் இருந்து வந்தது. செந்தூரன் சிரிக்கப் பார்த்தான். அவளுடைய முகத்தைக் கண்டதும் விட்டுவிட்டான்.

ரேச்சல் தன் சொந்தக் கைபேசியில் பத்மாவதி அன்ரியின் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினாள்.

"அன்ரி, நான் ரேச்சல். அண்டைக்கு வீட்டைப் படம் எடுக்க வந்தனான்."

"ஓம் பிள்ளை, சொல்லு."

"அண்டைக்கு அந்தப் பூட்டின அறையை நீங்கள்தானே கூட்டினனீங்கள்? பின்வாசலாலை வந்து?"

"எனக்கு முழங்கால் ஏலாது பிள்ளை. வாசல் படலையடியிலை திறப்பைத் தந்ததோடை சரி. அந்த அறைக்கு ஏது பின்வாசல்?"

மழை இரண்டு பக்கமும் கேட்டது. பத்மாவதி குரலைத் தாழ்த்தினார்.

"நீ அதோடை கதைச்சனியோ?"

"சும்மா... வீட்டை வாங்கோ எண்டு சொன்னனான்."

பத்மாவதி மிகவும் மெதுவாக, "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டார். அதோடு இணைப்பு அறுந்தது.

வீட்டுக்கு வாருங்கள் என்று எல்லாரும் சொல்வதுதானே. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது, மருந்துக்கடையில் சொல்வது. சொன்னதற்காக யாரும் வருவதில்லை. ரேச்சல் விளையாட்டுக் கைபேசியை மறுபடி எடுத்தாள். அறையைச் சுற்றித் திருப்பினாள். அலுமாரி. யன்னல். சுவர்.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சிவப்பு பஸ், நாலு சில்லும் நாலு அளவில். அபிகாயில் கீறியது. சோற்றுப் பருக்கையால் அவளே ஒட்டியது.

இன்று காலையில்.

அறையை அவள் படம் பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு அழைத்தாள். கணவனின் தங்கை தனுசியாதான் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள்.

"தனுசியா, அபி எங்கை?"

"அறைக்குள்ளை, மச்சாள். நித்திரை கொள்ளச் சொல்லிவிட்டன். இவ்வளவு நேரமும் தனியக் கதைச்சுக்கொண்டு கிடந்தாள்."

"ஆரோடை?"

தனுசியா சிரித்தாள். "ஆரோ மாமி வந்திருக்கிறாவாம். அம்மாதான் வரச்சொன்னவாவாம்."

"பிள்ளையைத் தூக்கு. அறைக்குள்ளை இருந்து தூக்கிக்கொண்டு வெளியிலை வா. இப்ப!"

அவள் படியில் இறங்கியதும், ஸ்கூட்டியை உதைத்ததும், செந்தூரன் பின்னால் கூப்பிட்டதும் எதுவும் மனதில் நிற்கவில்லை. மழை முகத்தில் அறைந்தது. ஒழுங்கை முழுக்கச் செம்மண் வெள்ளம். கர்த்தரே, பிள்ளையை மட்டும் விட்டுவிடும். பிள்ளையை மட்டும். சட்டைப்பைக்குள் விளையாட்டுக் கைபேசி இருந்தது. அணைக்க மறந்துவிட்டாள். நனைந்த துணிக்குள்ளிருந்து அது கூட்டிக்கொண்டே வந்தது. சர்ர். சர்ர்.

தனுசியா அறைக் கதவில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு நின்றாள்.

"கொண்டி போடேல்லை மச்சாள். ஆனாத் திறக்குதில்லை. ஆரோ பிடிச்சிருக்கிற மாதிரி..."

ரேச்சல் கையை வைத்தாள். கதவு திறந்தது. வெகு சுலபமாக, உள்ளே இருப்பவர் விலகி வழி விட்டதுபோல.

உள்ளே போனாள்.

ஒருவரும் இல்லை. யன்னலில் கம்பி. கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். அலுமாரியைத் திறந்து உடுப்பையெல்லாம் இழுத்துப் போட்டாள். இல்லை. தரை சுத்தமாகக் கூட்டியிருந்தது. ஒரு தூசி இல்லை. பழைய வீடுகளின் அடைத்த மணம், உப்புக் காற்றோடு. கட்டில் ஓரத்தில் பள்ளம். அதற்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல், இன்னொன்று.

சின்னது.

"அபி!"

பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எடுத்தாள். திரையில் வல்வெட்டித்துறை வீட்டின் நீண்ட விறாந்தை, சிவப்புச் சீமெந்துத் தரை, பச்சை அடித்த யன்னல்கள். நடுவில் அபிகாயில். முதுகு காட்டி, வெறுங்காலோடு, நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை மேலே தூக்கியபடி இருந்தது, பெரிய ஆள் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளையின் கை. பிடித்திருந்தவரைக் காணவில்லை.

பிள்ளை நின்று திரும்பிப் பார்த்தாள். பயம் ஒன்றும் இல்லாத முகம். வீட்டுக்கு வந்தவர்களோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று ரேச்சல் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அம்மா, போட்டு வாறம்."

பிறகு மேலே யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சரித்தாள்.

"மாமி உங்களையும் வரட்டாம். தன்ரை வீட்டை."

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசிக்க ரேச்சலுக்கு நேரம் இருக்கவில்லை. யோசித்திருந்தாலும் வேறொன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

"ஓம்," என்றாள். "வாறன்."

மழைச் சத்தம் நின்றது.

"தனுசியா?"

அவள் திரும்பினாள். அறை வாசலில் தனுசியா இல்லை. கூடம் இல்லை. சிவப்புச் சீமெந்து விறாந்தை ஒன்று நீளமாகப் போயிற்று, பச்சை யன்னல்களைத் தாண்டி, வெளிச்சம் எட்டாத இடம் வரைக்கும். இப்போதுதான் கழுவிக் கூட்டிய ஈரத் தரை. அதில் ஒரு பிள்ளையின் வெறுங்கால் தடங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் வேறு தடம் எதுவும் இல்லை. தும்புத்தடி அகலத்துக்கு இழுபட்ட கோடு ஒன்று மட்டும், கூடவே போயிருந்தது.