பத்து நிமிடக் காலரா

பத்து நிமிடக் காலரா முடிந்தபோது வகுப்பில் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள். பேராசிரியை இசக்கியம்மாளுக்கு அதில் தனித் திருப்தி.

வரலாறும் இலக்கியமும் படிக்கிற பிள்ளைகளுக்கு உலகப் பொதுச் சுகாதாரம் கட்டாயப் பாடம். முன்பெல்லாம் அந்த வகுப்பில் கொட்டாவிதான் கேட்கும். பிறகு பிணியுணர் பட்டை வந்தது. எங்கோ ஒரு வெள்ள நிவாரண முகாமில் காலராவில் கிடந்த பெண்ணின் நரம்புகளில் பதிவான வேதனையை, கிருமி எதுவும் இல்லாமல், மாணவரின் பிடரி வழியே ஏற்றும். குடல் சுருட்டும், கெண்டைக்கால் இழுக்கும், நாக்கு வறளும். பட்டை அணைந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

பழைய பாடத்தில் உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றி ஒரு பக்கம் இருந்தது. "அத நீங்களே படிச்சுக்கோங்க" என்று ஒதுக்கிவிட்டாள். கண்ணீர் வந்தால் அறிவு பின்னாலேயே வந்துவிடும் என்று அந்த மகராசி நம்பினாள்.

வியாழன் மதியம் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சமையல்கட்டுத் தரையில் விடுதிச் சமையல்காரி செண்பகவல்லி கிடந்தாள், கண்கள் குழிவிழுந்து. அவள் தலையை மடியில் வைத்திருந்தாள் ஜெபசெல்வி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கும் வரலாற்று மாணவி.

"காலரா மேடம். அரிசி கழுவுன தண்ணி மாதிரியே போவுது. பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டேன்."

"எப்பப் பாத்த?"

"பதினொரு மணிக்கு."

இப்போது மணி ஒன்று.

"ஆம்புலன்ஸ்?"

"இப்பத்தான் கூப்பிட்டோம். பத்து நிமிஷத்துல நின்னுரும்னு அக்காட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். நிக்கல. இன்னொரு பத்து நிமிஷம் பாப்போம்னு..."

"குடிக்க ஏதாவது குடுத்தியா?"

"கேட்டாங்க. குடிக்கக் குடிக்கப் போகும்லா? அதான் குடுக்கல. கைய மட்டும் விடவே இல்ல மேடம்."

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. அது யாருக்கான வசவு என்று தெரிந்ததால் விழுங்கிக்கொண்டாள். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான் விஷயம். கலக்கிக் கரண்டியால் ஊட்டினாள். கடைவாயில் வழிந்தது பாதி.

ஆம்புலன்ஸ்காரர்கள் நாடி பிடித்துப் பார்த்தார்கள். அவசரமாகத் தூக்கினார்கள்.

"மேடம்," ஜெபசெல்வி அழுதாள், "பட்டையில அந்தம்மாவுக்குப் பத்து நிமிஷத்துல நின்னுச்சே. அக்காவுக்கு மட்டும் ஏன் நிக்கல?"

மூலப்பதிவு ஐந்து மணி நேரம் ஓடும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று பத்து நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்தவள் இசக்கியம்மாள்தான். ஐந்தாம் மணி முடிவில், அந்தப் பெண்ணின் மூச்சோடு சேர்ந்து, பதிவு தானாக நின்றிருந்தது. அதை யாரும் அணைக்கவில்லை.

"அங்கயும் நிக்கல, ஜெபா," என்றாள்.