பொத்திய கை

மேசை மறுபடியும் ஈரமாகியிருந்தது. ஜெனிற்றா அதைத் துடைப்பது இது மூன்றாம் தரம். நிமிர்த்தி வைத்த கண்ணாடிக்கு முன்னால், அப்பாவின் வலக்கை கிடந்த இடம் காய்ந்தே இருந்தது; ஈரம் கண்ணாடிக்குப் பின்னால், கையே இல்லாத பக்கத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்குப் படிந்திருந்தது. மாரி மழை, ஒழுக்காயிருக்கும் என்று கூரையைப் பார்த்தாள். அங்கே ஒழுக்கு இல்லை.

மிஷன்காரர் கட்டிய சின்னக் கல்லூரி அது. மூளையும் நரம்பும் படிக்க ஏழே பேர். "அப்ப என்ரை இடுப்பு நாரிப்பிடிப்புக்கு ஒரு வழி சொல்லன் பிள்ளை" என்று ஞாயிறு சேர்ச்சில் அவளை மறிக்காத ஆளில்லை. அவளுக்கோ ஒரேயொரு நோவுக்கு வழி கிடைத்தால் போதும். அப்பா அருள்நேசனின் இடக்கை, சாவகச்சேரியை விட்டு ஓடிய நாளில், அவள் பிறக்க நாலு வருடம் முன்பே, செல்லடியில், குண்டு விழுந்து, முழங்கையோடு போனது. போன கை இன்னும் பொத்தியபடியே, எலும்பு நொறுங்குகிற மாதிரி நோகிறதென்று தலையணையைக் கடிப்பார். இல்லாத கைக்கு எந்தக் குளிசை, எந்த மருந்து கேட்கும்?

கண்ணாடி கேட்கும் என்றது பாடம். வலக்கையின் விம்பத்தைக் காட்டி, இதுதான் இடக்கை என்று மூளையை ஏய்க்க வேண்டும். அதற்காகவே சனிக்கிழமை மத்தியானம், ஆளில்லாத ஆய்வுகூடத்துக்கு அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

"கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு விரியுங்கோ அப்பா."

வலக்கை விரிந்தது. கண்ணாடியிலும் விரிந்தது. அப்பா இல்லையென்று தலையாட்டினார்.

"அது விரியேல்லை."

"உங்கடை மூளைதான் விடுகுதில்லை."

"மூளை இல்லைப் பிள்ளை. நான்தான் விடேல்லை." அவர் குரல் கரகரத்தது. "அண்டைக்குக் கொண்ணன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடினனான். தோடம்பழ இனிப்புத் திண்ட கை. வேர்த்து வழுக்கிச்சு. அதுதான் இறுக்கிப் பிடிச்சனான்."

அதே செல்லடியில் செத்த அண்ணன் ஜெனுஷன் அவளுக்குச் சுவரில் தொங்கும் ஐந்து வயதுப் படம் மட்டுமே. இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"விடுங்கோ அப்பா. அண்ணை போகட்டும்."

கண்ணாடியைப் பார்த்தபடி வலக்கையை மெல்ல விரித்தார். பிறகு ஒரு மூச்சு.

"விட்டிட்டன்... நோ இல்லைப் பிள்ளை. நோ இல்லை."

அவள் சந்தோஷத்தில் அழுதே விட்டாள். அப்பா மேசையில் தலைவைத்து, இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக நோவில்லாமல் கண்ணயர்ந்தார்.

அப்போதுதான் அந்த மணம். தோடம்பழ இனிப்பின் ஆரஞ்சு மணம், கூடவே எரிந்த புழுதி.

கண்ணாடிக்குப் பின்னால் ஈரத் தோல் பலகையை விட்டுக் கழலும் சத்தம். பிறகு சீமெந்து நிலத்தில் வெறுங்கால். சின்னக் கால். மேசையைச் சுற்றி வந்தது. அவள் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் நின்றது.

தொங்கிக்கிடந்த அவள் இடக்கைக்குள் ஏதோ நுழைந்தது.

இளஞ்சூடு. பிசுபிசுப்பு.

உதறினாள். போகவில்லை. அவளைக் கேளாமலே விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. விரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நோ தொடங்கியது.

அப்பாவை எழுப்ப வாய் திறந்தாள். எழுப்பினால் அவர் அந்தக் கையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். வாயை மூடிக்கொண்டாள்.

குனிந்து பார்த்தாள். பொத்திய கைக்குள் ஒன்றுமில்லை. விரலிடுக்கால் வேர்வை சொட்டியது. புறங்கையில் மட்டும், சின்னப் பிள்ளையின் விரல்நுனி அளவில், தோல் நாலு இடத்தில் குழிந்திருந்தது.

குழிகள் ஆழமாகிக்கொண்டே போயின.